சீட்டில் இருந்த சொல்

சேசு மரி சூசை துணை

கொடைக்கானல்
12.11.1978

அன்புள்ள லீமாவுக்கு,

உனக்கு ஆறு வருஷம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த பரமானந்தம் சார் எழுதுவது. நலம் விசாரிக்கும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

இங்கே பத்து நாளாக மழை விடவில்லை. உன் அப்பா பார்த்த சமையல் வேலைக்கு ஸ்கூலில் வேறு ஆள் போட்டுவிட்டார்கள். அவர் அடக்கத்துக்கு வந்த நீ அம்மாவோடு பேசாமலேயே மதுரை பஸ் ஏறிவிட்டாய். ஆஸ்டல் போய் இரண்டு மாதமாகியும் ஒரு கார்டு போடவில்லை. அப்பாவின் வீக்கத்தைப் பார்த்துக்கொண்டே வீட்டில் வைத்திருந்தாள் என்று உனக்குக் கோபம். அந்தக் கோபம் என்மேல் வர வேண்டியது.

நம் தெருவில் இங்கிலீஷில் எந்தக் காகிதம் வந்தாலும் என்னிடம்தான் வரும். எனக்கும் அதில் கொஞ்சம் கர்வம் உண்டு. டாக்டர் கொடுத்த சீட்டை அப்பா தனியாகக் கொண்டுவந்தார். ‘இர்ரெட்யூசிபிள்’ என்று எழுதியிருந்தது. கணக்கில், இதற்குமேல் சுருக்க முடியாத பின்னத்தை அப்படிச் சொல்வார்கள். குடலிறக்கத்துக்குச் சொன்னால், இறங்கிய குடலை இனிக் கையால் உள்ளே தள்ள முடியாது, ஆபரேஷன்தான் என்று அர்த்தம். நர்ஸ் படிப்பில் உனக்கே வந்திருக்கும். கீழே ‘உடனே மதுரைக்கு’ என்றும் இருந்தது. அவரிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “வெள்ளிக்கிழமை வரைக்கும் பிள்ளைக்குப் பரீட்சை சார். தெரிஞ்சா அம்புட்டையும் போட்டுட்டு வந்துரும். வீட்டுல கித்தேரிகிட்ட சாதா வீக்கம்னு சொல்லிருங்க. சனிக்கிழமை வெள்ளனே நானே பஸ் ஏறிர்றேன்” என்றார். நாலு நாள்தானே என்று நானும் தலையாட்டினேன்.

அம்மா வந்து கேட்டபோது, தவிட்டு ஒத்தடம் கொடுத்தால் போதும் என்றேன். அவ்வளவு கனமான சொல்லை அவ்வளவு லேசாக்கிச் சொன்னேன். அவளும் விடாமல் கொடுத்தாள். வியாழக்கிழமை வாந்தி நிற்கவில்லை. மதுரைக்குக் கொண்டுபோன ஜீப் வத்தலக்குண்டு போவதற்குள் முடிந்துவிட்டது. கடைசியில் நீ அந்தப் பரீட்சையையும் எழுதவில்லை.

தன் ஒத்தடம்தான் புருஷனைக் கொன்றது என்று அம்மா நினைக்கிறாள். இன்று காலையும் கோயிலில் என்னைப் பார்த்துக் கும்பிட்டாள்.

உண்மையைச் சொல்ல நாலு தடவை அவள் வாசல் வரை போய்த் திரும்பினேன். எனக்குத் தைரியம் இல்லை. அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது, நீ கடிதம் போட்டால் என்னிடம்தான் கொண்டுவருவாள். இவ்வளவையும் அதில் எழுது மகளே. என்னை எப்படித் திட்டத் தோன்றுகிறதோ அப்படியே எழுது. அம்மாவுக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் வாசிக்கிறேன்.

தேவமாதா உனக்குத் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
பரமானந்தம்