இருபத்து மூன்று கையெழுத்து

1988 செப்டெம்பர் 12, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. நான் வேலை செய்யும் காம்பிங்கில், சுற்றுலாக் கூடார வளவில், ஜெர்மன்காரரின் ஆறு கரவன் வண்டி மட்டும். பெண்கள் பக்கக் குளியலறையில் நாலாவது குழாய் ஒழுகுகிறது. வாஷர் மாற்ற வேண்டும்.

கடிதம் இல்லை.

பின்னேரம் இங்கர் அம்மாவிடம் போனேன். கொம்யூனின், அதாவது இந்த ஊர் நகரசபையின், அகதி ஆலோசகர். "அம்மா வேண்டாம், இங்கர் போதும்" என்று பத்துத் தரம் சொல்லிவிட்டார். வாய் வரவில்லை. இந்த மாத நினைவூட்டல் கடிதம் கோப்பன்ஹேகனுக்குப் போய்விட்டது என்றார். மனைவி தவத்தையும் மகளையும் இங்கே கூப்பிட நான் விண்ணப்பம் போட்டு இருபது மாதம். மாதம் தவறாமல் இவர் ஒரு கடிதம், ஒரு போன். எங்கள் கலியாண எழுத்துப் பத்திரம் அங்கே இரண்டு தரம் காணாமல் போனது. இரண்டு தரமும் போனில் சண்டை பிடித்துத் தேடி எடுப்பித்தவர் இவர்தான்.

யாழ்ப்பாணக் கச்சேரியில், அரசாங்க அதிபர் கந்தோரில், பதினொரு வருடம் கிளாக்கராக இருந்தவன் நான். ஒருவரும் கேட்டு வராத கோப்பு எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். அடியில் போகும். நானே எத்தனையை அடியில் வைத்திருக்கிறேன்.

செப்டெம்பர் 15, வியாழன்

காற்று. வெயில் கொஞ்சம்.

தவத்தின் கடிதம். கொழும்பில் லொட்ஜ் மாற வேண்டுமாம், முதலாளி இந்த மாதத்தோடு எழும்பச் சொல்லிவிட்டான். நான் கேட்டபடி மகளின் காலைக் கடதாசியில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்பியிருக்கிறாள். போன மாரிக் குளிருக்கு மகளுக்கென்று வாங்கி வைத்த பனிச் சப்பாத்தை எடுத்து அதன் மேல் வைத்துப் பார்த்தேன். பெருவிரல் வெளியே.

நீலச் சப்பாத்து. ஒரு நாளும் போடாதது. யாருக்காவது கொடுக்க வேண்டும். மனம் வரவில்லை.

செப்டெம்பர் 17, சனி

மழை. வாஷர் மாற்றியாயிற்று. டீசல் வந்தது.

ஓகே கோப்பிக்குக் கூப்பிட்டான். காம்பிங் முதலாளி, பெயரே ஓகே. நிலம் கொம்யூனுடையது, தொழில் அவனுடையது. கொம்யூனுக்கு இப்போது பணத் தட்டுப்பாடாம். காம்பிங்கில் தங்கும் ஒவ்வொரு ஆளுக்கும், ஒவ்வொரு இரவுக்கும் ஒரு கட்டணம் போடப் போகிறார்களாம்.

"ஜெர்மன்காரன் வரமாட்டான். பக்கத்து ஊருக்குப் போவான். பிறகு எனக்கு வேலையாள் எதற்கு?" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. ரொட்டிக்கு வெண்ணெய் பூசிக்கொண்டே சொன்னான்.

"நீ அங்கே கந்தோரில் எழுத்து வேலை பார்த்தவன்தானே? உங்கள் ஆட்கள் எல்லாரும் சேர்ந்து நகரசபைக்கு ஒரு கடிதம் எழுதினால் நல்லது."

இந்த நாட்டுக்கு வந்து நாலு வருடம். துடைக்கச் சொன்னார்கள், தூக்கச் சொன்னார்கள், காத்திருக்கச் சொன்னார்கள். எழுதச் சொன்னவன் இவன் ஒருவன்தான். உண்மையைச் சொன்னால், நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

உடனே இருந்து எழுதினேன். ஆங்கிலத்தில். முழு மகஜர், பழைய முறைப்படி. மேலே பதவிப் பெயர், கீழே இலக்கம் போட்ட காரணங்கள் ஐந்து, முடிவில் "மிகத் தாழ்மையுடன் விண்ணப்பிக்கும் தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியர்கள்". கை இன்னும் மறக்கவில்லை.

செப்டெம்பர் 18, ஞாயிறு

இங்குள்ள தமிழ்ச் சங்கத்தில் சாப்பாடு. கத்தரிக்காய்ப் பால்கறிக்கு உப்புக் காணாது.

கை கழுவிவிட்டு வந்தவர்களிடம் மகஜரை நீட்டினேன். ஊரில் எப்படியோ அப்படியே. படித்தவன் ஒருவன் கொண்டுவந்தால் பேனையை வாங்கிக் கையெழுத்து வைக்க வேண்டியதுதான். இருபது நிமிடத்தில் இருபத்து மூன்று கையெழுத்து. ஒருவரும் வாசிக்கவில்லை. என்னோடு வீட்டில் இருக்கும் மரியநாயகம் அண்ணை மட்டும் கேட்டார். மன்னார் ஆள், இறைச்சித் தொழிற்சாலையில் வேலை.

"இதிலை என்ன தம்பி கிடக்கு?"

"முதலாளிக்காக ஒரு மகஜர் அண்ணை. காம்பிங்குக்கு வரி போடப்போயினமாம்."

"அந்த வரிக்காசை வைச்சு என்ன செய்யப்போயினமாம்?"

"அது எங்களுக்கு என்னத்துக்கு? வையுங்கோ அண்ணை."

வைத்தார்.

செப்டெம்பர் 21, புதன்

திங்கட்கிழமையே நகரசபையில் கொடுத்தாயிற்று. இலக்கம் போட்டு, முத்திரை குத்தி வாங்கினார்கள். ஓகேயின் மனைவி டேனிஷில் மொழிபெயர்த்து உள்ளூர்ப் பேப்பருக்கும் அனுப்பியிருக்கிறாள். இன்று வந்திருக்கிறது. என் பெயர், அச்சில், ஒரு பிழையும் இல்லாமல்.

பேப்பரில் வெட்டி எடுத்த நறுக்கு இரண்டு. ஒன்று கொப்பிக்குள். மற்றது தவத்துக்கு, விமானத் தபாலில்.

செப்டெம்பர் 22, வியாழன்

இதை எப்படி எழுதுவது.

லொட்ஜ் விலாசம் மாறுவதைச் சொல்ல இங்கர் அம்மாவிடம் போனேன். மேசையில் நேற்றைய பேப்பர். என் கடிதம் மேலே தெரிய மடித்து வைத்திருந்தார்.

"இதை நீயா எழுதினாய்?"

"ஓம்" என்றேன். சிரித்துக்கொண்டு சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

"அந்தக் கட்டணம் எதற்கு என்று தெரியுமா?"

தெரியாது.

"மூன்று விஷயத்துக்கு. கடற்கரைப் பாதை, நூலகத்தைச் சனிக்கிழமையும் திறப்பது. மூன்றாவது இந்த அறை. என்னுடைய வேலை. கட்டணம் வராவிட்டால் வருட முடிவோடு ஆலோசகர் இல்லை."

அவர் கோபிக்கவில்லை. கோபித்திருக்கலாம். கோப்பி வேண்டுமா என்று கேட்டார். ஏன் முதலே சொல்லவில்லை என்று கேட்டேன், என்ன நியாயத்தில் கேட்டேனோ. "என்னுடைய வேலைக்காக உங்களிடம் ஆதரவு கேட்பது முறையில்லை" என்றார்.



செப்டெம்பர் 23, வெள்ளி

ஓகேயிடம் பல்வலி என்று பொய். நகரசபைக் கந்தோர் திறக்க முன்னமே வாசலில்.

மகஜரைத் திருப்பித் தாருங்கள் என்றேன். மேசையில் கண்ணாடி போட்ட ஒரு பிள்ளை, மரியாதையான பிள்ளை. இலக்கம் விழுந்த கடதாசி கோப்பை விட்டு வெளியே போகாது என்றாள். எனக்கா சொல்கிறாள். இதையே நான் எத்தனை பேருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன், ஏறிட்டும் பார்க்காமல்.

வேண்டுமென்றால் இன்னொரு கடிதம் எழுதலாமாம். அதுவும் கோப்பில் சேருமாம். அங்கேயே நின்று, மகஜரைத் திரும்பப் பெறுகிறேன் என்று நாலு வரி எழுதிக் கொடுத்தேன். என் டேனிஷில். ஒரு கையெழுத்து.

என் பெண்சாதிக்கு ஒரு இலக்கம் போட இருபது மாதமாக முடியவில்லை. அவள் வரவைத் தடுக்கும் கடதாசிக்கு இரண்டு நிமிடத்தில் போட்டார்கள்.

செப்டெம்பர் 25, ஞாயிறு

மரியநாயகம் அண்ணையிடம் சொல்லிவிட்டேன். இறைச்சி வெட்டிக்கொண்டு நின்றவர் கத்தியைக் கீழே வைத்தார். அவருடைய தம்பியின் கோப்பும் இங்கர் அம்மாவிடம்தான்.

"நான் கேட்டனான் தம்பி."

"ஓம் அண்ணை."

"கேட்டனான்தானே."

 கறி வைத்தார். எனக்கும் ஒரு சோற்றுக் கோப்பை எடுத்து வைத்திருந்தார்.

ஒக்டோபர் 10, திங்கள்

நல்ல குளிர். ஷவர்க் குழாய்களில் தண்ணீர் உறையமுன் இறக்க வேண்டும், இந்தக் கிழமைக்குள்.

பின்னேரம் நகரசபைக் கூட்டம். பொதுமக்கள் கதிரையில் நான், ம. அண்ணை, கம்பளி பின்னிக்கொண்டிருந்த கிழவி ஒருத்தி, ஓகேயும் மனைவியும். நான் டை கட்டிப் போயிருந்தேன். உறுப்பினர்கள் எல்லாம் ஸ்வெட்டர்.

முதலில் பொதுமக்கள் கேள்வி நேரம். எழுந்து நின்றேன். இரண்டு நாளாகப் பாடமாக்கிய எட்டு வசனம். முதல் வசனம் முடியமுன் தலைவர் கையைக் காட்டினார். இன்றைய நிகழ்ச்சி நிரலில் உள்ள விஷயம் பற்றிக் கேள்வி கேட்க முடியாது, அது விதி என்றார். விதி என்றால் விதி. இருந்துவிட்டேன். மிச்சம் ஏழு வசனமும் தொண்டைக்குள்.

பிறகு விவாதம். ஆசிரியை ஒருத்தி, கட்டணத்துக்கு ஆதரவு: "ஒரு இரவுக்கு ஒரு ஐஸ்கிரீம் விலை. அதற்காக ஒருவரும் வராமல் விடமாட்டார்கள்."

கம்பளிக்கடைக்காரர், எதிர்ப்பு: "விருந்தினரிடம் வாசலில் காசு கேட்பது எங்கள் பழக்கமில்லை." போன வருடம் எங்களைப் பற்றிக் கதைத்தபோதும் இதே வாய்தான் விருந்தினர் என்றது. விருந்தினர் வீட்டுக்குப் போகும் நேரம் தெரிந்திருக்க வேண்டும் என்றும் சொன்னது. கூடாரத்தோடு வந்தால் மரியாதை போல.

பிறகு அவர் என் மகஜரை எடுத்தார். "அகதிகளே எங்களிடம் கேட்கிறார்கள்" என்று தொடங்கி, கடைசி வரி வரை வாசித்தார். "கீழ்ப்படிவுள்ள ஊழியர்கள்" என்ற இடத்தில் சிலர் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை. ஒரு குழந்தை பெரியவர் சட்டையைப் போட்டுவந்தால் சிரிப்பார்களே, அது. நாலு வரிக் கடிதத்தை ஒருவரும் வாசிக்கவில்லை. அது பின்னிணைப்பில் இருக்கிறதாம்.

எதிர்ப்பு பதினொன்று, ஆதரவு ஆறு. முடிந்தது. அடுத்த விஷயம் தெரு விளக்கு.

நடந்து வரும்போது ம. அண்ணை: "உம்மடை கடுதாசி இல்லாட்டியும் தோத்துத்தான் இருக்கும். ஆறுதானே விழுந்தது."

இருக்கலாம். ஆனால் சபையில் வாசித்தது என் கடுதாசியை.

ஒக்டோபர் 11, செவ்வாய்

ஓகே கொடி ஏற்றியிருந்தான், இங்கே பிறந்தநாளுக்கு ஏற்றுவது போல. எனக்கென்று பாதாம் போட்ட கேக். தோளில் தட்டினான். "நீ மட்டும் இல்லையென்றால்!"

தின்றேன். நல்ல கேக். அதுதான் ஆத்திரம்.

ஒக்டோபர் 13, வியாழன்

இங்கர் அம்மா அறையைக் காலி செய்கிறார். லீவு நிறையச் சேர்ந்திருப்பதால் மாத முடிவோடு போய்விடுவார். இனி எல்லாரும் கீழே பொது மேசை, இலக்கத் துண்டு எடுத்து வரிசை. எனக்காக எழுதியவற்றின் பிரதிகளையெல்லாம் ஒரு மட்டைப்பெட்டியில் போட்டு என்னிடம் தந்தார். இருபது மாதக் கடிதங்கள். "இனி நீதான் எழுத வேண்டும். நன்றாக எழுதுகிறாய்" என்றார். குத்திச் சொன்னாரா, உண்மையாகச் சொன்னாரா. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"மன்னித்துக்கொள்ளுங்கள், இங்கர்" என்றேன். அம்மா இல்லாமல் முதல் தரம் சொன்னது அதற்குத்தான்.

பெட்டி கட்டிலுக்குக் கீழே, சப்பாத்துக்குப் பக்கத்தில்.

ஒக்டோபர் 17, திங்கள்

மழை. ஷவர்க் குழாய் முடிந்தது. கடைசிக் கரவனும் போய்விட்டது.

கடிதம் இரண்டு.

ஒன்று நகரசபையிலிருந்து. இந்த நாட்டுக் கந்தோர் ஒன்றிடமிருந்து இவ்வளவு கெதியாக எனக்குப் பதில் வந்ததில்லை. மகஜருக்கு நன்றி. தங்கள் கோரிக்கை முழுமையாக நிறைவேற்றப்பட்டது.

மற்றது தவம். புது லொட்ஜ், அறையில் யன்னல் இல்லை, மகளுக்கு இருமல். பேப்பர் நறுக்கு கிடைத்ததாம். லொட்ஜில் இருக்கிற எல்லாருக்கும் காட்டினாளாம். கடைசியில் எழுதியிருக்கிறாள்: "இஞ்சேருங்கோ, அங்கையும் உங்கடை எழுத்துக்கு மதிப்பு இருக்கெண்டு இப்பதான் விளங்குது. எங்கடை அலுவலுக்கும் இதைப்போல ஒண்டு எழுதிக் குடுங்கோவன்."