அக்காவின் கார்டில் இல்லாதவள்

என்னைப் பொறாமையில் வேகவிட்டே பாதி ஆயுளைக் கழித்த என் செல்ல அக்கா எஸ்தருக்கு,

முதலில் ஒரு செய்தி. எனக்கும் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். சென்னையில், உனக்குச் செய்த அதே ஆஸ்பத்திரி. உனக்குச் செய்த டாக்டர் மட்டும் இப்போது அங்கே இல்லையாம். அதிலும் நல்லது உனக்குத்தான் கிடைத்தது, பார்.

நம் இரண்டு பேருக்கும் நோய் ஒன்றுதான். சின்ன வயதில் ஒரே பாயில் படுத்துக் காய்ச்சலில் கிடந்தோம். மூட்டு வீக்கம் வடிந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று அம்மா நினைத்தாள். போகிற காய்ச்சல் இரண்டு பேர் இதயத்திலும் வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. எனக்கு முதலில் தெரியவந்தது என் கெட்ட நேரம். உனக்குத் தெரியவருவதற்குள் நீ ஆம்பூரில் ஷூ கம்பெனியில் பர்மனென்ட் ஆகி, ஈ.எஸ்.ஐ. கார்டும் வாங்கிவிட்டாய். அதற்குப் பிறகு எந்த நோய் வந்தாலும் வைத்தியம் உன்னைத் தேடி வரும். நானோ எந்தக் கம்பெனி மெடிக்கலிலும் தேறவில்லை. வீட்டில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகம் தைத்தேன். நான் தைத்ததும் நீ தைத்ததும் ஒரே பெட்டியில்தான் கப்பல் ஏறியிருக்கும்.

கார்டில் ஒட்டக் குடும்பப் போட்டோ கேட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா? நாம் கல்யாணத்துக்குப் போவதுபோல் உடுத்திக்கொண்டு பஜார் ஸ்டுடியோவுக்குப் போனோம். குட்டையாக இருக்கிறேன் என்று ஸ்டுடியோக்காரர் என்னை நடுவில் நிறுத்தினார். அந்தப் பக்கம் அம்மா, இந்தப் பக்கம் நீ. கொண்டுபோய்க் கொடுத்தால், கிளார்க் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"நடுவுல யாரும்மா?"

"என் தங்கச்சி சார். அதுக்குத்தான் முக்கியமா வேணும்."

"தங்கச்சிக்கெல்லாம் இதுல இடம் இல்லம்மா. அம்மா வர்லாம். வேற போட்டோ எடுத்துட்டு வா."

அவர் சொன்னது சட்டம். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, உன் மேல்தான் இருந்தது. மறுபடி ஸ்டுடியோவுக்கு நீங்கள் இரண்டு பேரும் போனீர்கள், நான் தலைவலி என்று படுத்துக்கொண்டேன். அப்போது அம்மாவுக்கு ஒரு நோயும் கிடையாது. இருந்தாலும் தும்மல் வந்தால் போதும், கார்டை எடுத்துக்கொண்டு டிஸ்பென்சரிக்குக் கிளம்பிவிடுவாள். அவள் இருமலைப் பார்த்துக்கூட எனக்கு வயிறு எரிந்தது.

நம் சபையைச் சேர்ந்த இன்சூரன்ஸ் ஏஜென்ட்டும் ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். சிஸ்டர், சிஸ்டர் என்று தேனாய்ப் பேசினார். எனக்கு இதயத்தில் கோளாறு என்றதும் பையின் ஜிப்பை மூடிவிட்டு, டீயை மட்டும் குடித்துவிட்டுப் போனார். நோய் இல்லாதவர்களுக்குத்தான் பாலிசியாம். அவர்களுக்கு எதற்கு அது?

பிறகு உன் ஆபரேஷன். உன் கட்டிலுக்குக் கீழே நான்தான் படுத்திருந்தேன். இப்படி ஒரு தங்கை கிடைக்கக் கொடுத்துவைக்க வேண்டும் என்று நர்ஸுகள் சொன்னார்கள். நான் உன் நெஞ்சில் போட்டிருந்த கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பசித்தவள் அடுத்தவள் இலையைப் பார்ப்பாளே, அப்படி. உன் புது வால்வு டிக் டிக் என்று கேட்கும். சர்ச்சில் மௌன ஜெபத்தின்போது பிள்ளைகள் கடிகாரம் எங்கே என்று திரும்பித் திரும்பிப் பார்க்கும். நீ கண்ணை மூடிக்கொண்டு சிரிப்பாய். நான் என்ன ஜெபித்திருப்பேன் என்று நினைக்கிறாய்?

நீ என்னை விட்டுவிட்டாய் என்று சொல்ல மாட்டேன். என் கால் வீங்கினால் டிஸ்பென்சரிக்கு நீ போவாய், எனக்கிருக்கும் தொல்லையை எல்லாம் உனக்கென்று சொல்வாய். துணைக்கு வந்த ஒரு நாள் நானே பார்த்தேன். டாக்டர் உன் காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, "எங்கம்மா வீக்கம்? நல்லாத்தானே கீது?" என்றார்.

"காலைல இருந்துச்சு டாக்டர். பஸ்ல வர்றதுக்குள்ள வடிஞ்சிடுச்சு" என்றாய், கொஞ்சமும் கூசாமல்.

வீக்கம் வடிய அவர் உன் பேரில் எழுதிக் கொடுத்த நீர் மாத்திரையில்தான் நான் இத்தனை நாள் ஓட்டினேன். உன் புண்ணியத்தில் மூச்சுவிடுகிறோமே என்று அதற்கும் ஒரு எரிச்சல். நன்றி சொன்னதில்லை. உனக்கு அது தெரிந்துதான் இருந்ததா, அக்கா?

ஒரு திங்கட்கிழமை மிஷினிலேயே சாய்ந்துவிட்டாய். வால்வில் ரத்தம் உறைந்துவிட்டது என்றார்கள். கம்பெனி பஸ்ஸில் போனவள் கம்பெனி வேனில் வந்தாய்.

நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியாததா? வேலையில் இருக்கும்போது ஒருத்தர் போய்விட்டால், அந்த இடத்தை அந்த வீட்டில் ஒருவருக்குக் கொடுப்பார்கள். அம்மா போய்க் கேட்டாள். கம்பெனி டாக்டர் என் நெஞ்சில் குழலை வைத்து ரொம்ப நேரம் கேட்டார்.

"உங்க அக்கா பாக்கறப்பல்லாம் உனக்கு வேல குடுங்கன்னு என்னப் பேஜார் பண்ணிடும். முடியாதுன்னே சொல்லிட்டிருந்தேன். சரி போ, உக்காந்து செய்ற வேலதானே" என்று கையெழுத்துப் போட்டார்.

நீ கேட்டுக் கிடைக்காதது, நீ செத்துக் கிடைத்தது. அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அக்கா. அதை உன்னிடம்தான் சொல்ல முடியும், வேறு யாரிடம் சொல்வேன்?

உன் மிஷினில்தான் உட்கார்ந்தேன். சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ.க்குப் பிடித்தால் எல்லாரும் முணுமுணுப்பார்கள். நான் மட்டும் சம்பளச் சீட்டில் அந்த இடத்தைத் தடவிப் பார்ப்பேன். கொஞ்ச மாதம் சந்தா போனால்தான் பெரிய ஆபரேஷனுக்கு அனுப்புவார்கள் என்பதால், அதுவரை மூச்சிரைப்பதை யாருக்கும் காட்டாமல் பல்லைக் கடித்துக்கொண்டு தைத்தேன். சூப்பர்வைசர் என் துண்டைத் திருப்பிப் பார்த்து, "இன்னா இருந்தாலும் எஸ்தர் தையல் மாதிரி வராது" என்பார். செத்தும் நீதான் ஃபர்ஸ்ட்.

அந்த மாதங்கள் முடிந்து நான் போனபோது, அதே டிஸ்பென்சரி டாக்டர் என் காலை அமுக்கினார். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. என்னையும் குழியையும் மாறி மாறிப் பார்த்தார். "அந்த மாத்திரையெல்லாம் உனுக்குத்தானா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, சென்னைக்கு எழுதிக் கொடுத்தார்.

இப்போது அம்மா என் கார்டில் இருக்கிறாள். பையில் எனக்குத் துணி எடுத்து வைக்கிறாள். நான் திரும்பி வருவேனா என்பது ஒன்றுதான் அவள் முகத்தில் இருக்கிறது.

அதனால் உனக்கு ஒரு வாக்கு. சின்ன வயதில் உன் பாவாடை, பிறகு உன் மிஷின், உன் கார்டு, உன் ஆஸ்பத்திரி, எல்லாவற்றுக்கும் ஆசைப்பட்டேன், எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். கல்லறைத் தோட்டத்தில் உன் பக்கத்தில் இடம் காலியாகத்தான் இருக்கிறது. அதற்கு மட்டும் நான் ஆசைப்பட மாட்டேன். அம்மாவிடம் திரும்பி வருவேன்.

உன்னிடமிருந்து எதையும் விட்டுவைக்காத உன் தங்கச்சி,
கிரேஸ்