எல்லாம் இருக்கு, ஆனா...

லோமே, பெரிய சந்தை.

டெலாலியின் அப்பாவுக்கு அஃபி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். டெலாலிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. சோளக் களி கேட்டுச் சாப்பிடுகிறாள். சமையலறைக்கும் தகரம் போட்டாயிற்று.

உங்கள் கடிதம் வந்தது. லிப்ரவில் துறைமுகத்தில் உங்களோடு வேலை செய்கிறவர்கள், "மாவுலி, உம் பொண்டாட்டிக்கு என்னப்பா அந்த 'ஆனா'?" என்று கேட்டுச் சிரிக்கிறார்களாம். அந்தத் துணிக்கு நான் வைத்த பெயரை மாற்றாவிட்டால் ஈஸ்டருக்கு வரமாட்டேன் என்று எழுதிவிட்டீர்கள்.

பெயர் இல்லாத துணியை இந்த ஊரில் யாரும் தொடமாட்டார்கள், உங்களுக்கே தெரியும். இதுவரை நாற்பது துணிக்காவது பெயர் வைத்திருப்பேன். அன்றைக்குச் சிவப்புத் துணி, அதில் வரிசையாகத் தட்டுப் படங்கள். பேறுகால மருத்துவச்சி ஒருத்தி, "அக்கா, இதுக்குப் பேரு?" என்றாள். "எல்லாம் இருக்கு, ஆனா..." என்று வாயில் வந்துவிட்டது. மேலே ஒன்றும் வரவில்லை. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அதுல ஆறு கஜம் வெட்டு" என்றாள். மறுநாள் பதினோரு பெண்களைக் கூட்டிவந்தாள். யாரையும் நான் கூவி அழைக்கவில்லை.

என்ன குறை வைத்தேன் என்று கேட்கிறீர்கள். நீங்கள் ஒன்றும் வைக்கவில்லை. எனக்கும் முதலில் புரியவில்லை. மூன்றாவது கடை போட்டுப் பார்த்தேன், நாற்காலிகள் மாற்றிப் பார்த்தேன், போதகர் தலையில் கைவைத்து ஜெபித்தும் பார்த்தார். அந்த 'ஆனா' போகவில்லை. சரி, எப்போதுதான் வருகிறது என்று கவனித்தேன். புதுத் துணிக்கட்டைப் பிரிக்கும்போது வருகிறது. துணியில் இருக்கும் படத்தை வரைந்தது யாரோ. நான் பெயர் மட்டும் வைக்கிறேன்.

அதனால் ஒரு கடையை உங்கள் தங்கை கோசிவாவிடம் கொடுத்துவிட்டேன். காலையில் டெலாலியின் பழைய நோட்டில் வரைகிறேன். முதல் படத்தைப் பார்த்துவிட்டு கோசிவா, "அண்ணி, இது மீனா, செருப்பா?" என்றாள். "எனக்கும் தெரியலடி. ஆனா நான் வரைஞ்சது" என்றேன். சிரித்தாள். சிரிக்கட்டும். இருபது வருஷம் முன்பு தலையில் துணி சுமந்து விற்றபோதும் சிரித்தார்கள்.

பெயரை மாற்றமாட்டேன். நான் நினைத்தாலும் முடியாது. அது இப்போது ஊரில் பாதிப் பெண்களின் இடுப்பில் இருக்கிறது. உங்கள் நண்பர்கள் மறுபடி கேட்டால், அவரவர் வீட்டில் போய்க் கேட்கச் சொல்லுங்கள்.

வருவதும் வராததும் உங்கள் விருப்பம். வந்தால், என்ன குறை என்று கேட்காதீர்கள். இன்றைக்கு என்ன வரைந்தாய் என்று கேளுங்கள். நீங்கள் கேட்டு நான் காட்ட வேண்டும் என்று நான்கு படங்களை யாருக்கும் காட்டாமல் வைத்திருக்கிறேன். கடவுள் உங்கள் இடுப்பு வலியைக் குறைக்கட்டும், கடல் உங்களிடம் அமைதியாக இருக்கட்டும். எந்தக் கப்பல் என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள். கடையை அடைத்துவிட்டு வந்து நிற்பேன்.

உங்கள்
அஃபி