ஆறாம் எண் வீட்டுத் தட்டுக்கு விலக்கு வேண்டி

அனுப்புநர்:
சூ. ஆர்தர்,
பால்வெட்டுத் தொழிலாளர்,
எண் 6, இரண்டாவது லயம்,
புக்கிட் ஜெரிங் தோட்டம்,
கோலா கெத்தில், கெடா.

பெறுநர்:
நிர்வாகி அவர்கள்,
புக்கிட் ஜெரிங் தோட்டம்.

பொருள்: துணைக்கோளத் தொலைக்காட்சித் தட்டுகளை (டிஷ்) அகற்றும் உத்தரவிலிருந்து ஒரு வீட்டுக்கு மட்டும் விலக்கு கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தட்டு மாட்டிய திருகாணித் துளைகள் வழியே கூரை ஒழுகுவதால், இம்மாதம் 31ஆம் தேதிக்குள் எங்கள் லயத்து வரிசையின் பத்து வீடுகளும் தட்டைக் கழற்றிவிட்டுத் தோட்டம் இழுத்துக் கொடுக்கும் கேபிளுக்கு மாற வேண்டும் என்று அறிவிப்பு ஒட்டியுள்ளீர்கள். அந்த அறிவிப்புக்கு நானும் ஒரு காரணம். இரண்டில் எது மேல் என்று பார்த்துச் சொல்லும்படி தாங்கள் கேட்டது என்னிடம். கேபிள்தான் என்று எழுதிக் கொடுத்ததும் நான். இப்போது என் வீட்டுக்கு மட்டும் விலக்கு கேட்டு வந்து நிற்கிறேன். நல்ல ஆளைப் பிடித்தோம் என்று தாங்கள் நினைக்கலாம். முழுவதும் படித்துவிட்டு நினைக்கும்படி வேண்டுகிறேன்.

1. சோதனைக்காகக் கேபிளை முதலில் என் வீட்டுக்கு இழுத்தார்கள். தட்டும் கூரையிலேயே இருந்தது. ஆகஸ்டு, செப்டம்பர் இரண்டு மாதமும் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், நிகழ்ச்சிகளைவிட இந்த வேலைதான் எனக்குச் சுவையாக இருந்தது.

2. முதல் வாரத்திலேயே ஒன்று பிடிபட்டது. கனத்த மழையில் தட்டு படம் காட்டாது என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் காலையில் மழை பெய்தால் ரப்பர் பால்வெட்டும் இல்லை. வெட்டு இல்லாத நாளில்தான் லயமே வீட்டில் உட்கார்ந்திருக்கும். ஆக, நாங்கள் பார்க்க உட்காரும் நாளில் தட்டு படுத்துவிடுகிறது. நாங்கள் வெட்டுக்காட்டில் இருக்கும் வெயில் நாளில் பூட்டிய வீட்டுக்குள் அருமையாகப் படம் காட்டக் காத்திருக்கிறது. இத்தனை வருடம் சந்தா கட்டிய எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. கேபிள் மழையைச் சட்டை செய்யவே இல்லை. மாதக் கட்டணத்திலும் பெரிய வித்தியாசம் கிடையாது.

3. கேபிளில் நேரலை அரை நிமிடம் பிந்தி வருகிறது. பந்தாட்டத்தின்போது பக்கத்து வீட்டு நடராஜாவின் தட்டில் கோல் விழுந்து, பலகைச் சுவர் வழியே அவர் போடும் சத்தம் கேட்ட பிறகுதான் என் திரையில் ஆட்டக்காரர் பந்தை உதைக்கவே ஓடி வருகிறார். இது குறையா வசதியா என்று எனக்கு இன்னும் தெளிவாகவில்லை.

4. கேபிள் அறுவது வெயில் நாளில். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிய லோரி முச்சந்தியில் திரும்பும்போது மேலே உள்ள குலை கம்பியில் மாட்டிக்கொள்கிறது. மழை நாளில் அந்தச் செம்மண் சாலையில் லோரி ஓடாது. கம்பியை இரண்டு முறை உயர்த்திக் கட்டினார்கள். லோரிக்காரர்கள் சுமையை உயர்த்தினார்கள். சோதனைக் காலத்தில் ஐந்து முறை அறுந்தது. ஐந்தும் காலை நேரம். ஒட்டுப் போட்டு முடிக்க மாலையானது. "அந்த நேரத்தில் வீடுகளில் எவரும் இருப்பதில்லை, ஆகவே பாதிப்பில்லை" என்று என் அறிக்கையில் எழுதினேன்.

அது தவறு. என் மனைவி மரியா இருக்கிறாள்.

5. சென்ற ஆண்டு ஆகஸ்டில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் செயலிழந்தது; பேச்சும் போனது. தமிழ்ப் பேச்சு காதில் விழுந்துகொண்டே இருக்கட்டும் என்று பயிற்சி கொடுத்த தாதி சொன்னார். அதனால் விடியுமுன் வேலைக்குக் கிளம்பும்போதே தொலைக்காட்சியைப் போட்டுவிட்டுப் போவேன். சோதனை மாதங்களிலும் காலையில் தட்டில்தான் வைத்துவிட்டுப் போனேன்; அதனால் கேபிள் அறுந்தது அவளைத் தொடவில்லை. ஏழு மாதம் வாய் திறக்காதவள், ஒருநாள் சமையல் நிகழ்ச்சியில் ஒரு பெண் உப்பை அள்ளிப் போட்டதைப் பார்த்து, "போதும் லா" என்றாளாம். தினமும் பத்து மணிக்கு வேலை இடைவேளையில் வந்து எட்டிப் பார்க்கும் எட்டாம் எண் வீட்டுக் காளியம்மா ஓடி வந்து சொன்னார். முதல் பேச்சு எனக்கில்லாமல் அந்தச் சமையல்காரிக்குப் போனதில் எனக்குச் சற்றுப் பொறாமைதான். அதன்பின் தினமும் அந்தப் பெண்ணுக்கு இரண்டு சொல், மாலையில் எனக்கு இரண்டு சொல் என்று கிடைத்துவந்தது.

6. அறிக்கை கொடுத்த கையோடு, முதல் ஆளாக என் தட்டின் கம்பியைப் பிடுங்கினேன். அடுத்த பத்து நாளில் மூன்று முறை கேபிள் அறுந்தது. மூன்றாம் முறை, நான் வேலை முடிந்து வந்தபோது காளியம்மா வாசலிலேயே நின்றிருந்தார். "அண்ணே, டிவி கருப்பா கெடக்கு. அக்கா இன்னிக்கு ஒரு வார்த்தை பேசல லா," என்றார். அன்று மாலை என்னிடமும் பேசவில்லை. மறுநாளும் இல்லை. தட்டின் கம்பியைத் திரும்பச் செருகினேன்; நான்காம் நாள்தான் குரல் வந்தது. எனக்குப் பயமாக இருக்கிறது, ஐயா.

7. மற்ற ஒன்பது வீடுகளுக்கும் கேபிள்தான் மேல். அதை நான் திரும்பப் பெறவில்லை. ஆனால் தட்டு படுக்கும் மழை நாளில் மரியாவோடு நான் இருப்பேன்; கேபிள் அறும் வெயில் நாளில் அவள் தனியே இருப்பாள். கூரை ஒழுகுகிறது என்ற தங்கள் காரணமும் நியாயமானது. நேற்று மாதா கோயில் பூசை முடிந்து வந்து இந்த மனுவை இதுவரை அரைகுறையாக எழுதி மரியாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் கூரையை அண்ணாந்து பார்த்தாள். பிறகு, நிறுத்தி நிறுத்தி, "கூரையில எதுக்கு? துணி காயப்போடுற கம்பத்துல வைங்களேன்," என்றாள்.

உடனே வெளியே போய்ப் பார்த்தேன். இரும்புக் குழாய், அடியில் சிமெண்டு, தட்டு பார்க்க வேண்டிய திசையில் மறைக்க ஒரு மரமில்லை. இரண்டு மாதம் ஒப்பிட்டவனுக்கு இது தோன்றவில்லை. பக்கவாதத்துக்குப் பிறகு மூன்று சொல்லுக்கு மேல் சேர்த்துப் பேசாதவள் நேற்று பேசியது ஆறு சொல்.

ஆகவே, கூரையிலிருந்து தட்டை இறக்கி, துளைகளை என் பொறுப்பில் அடைத்து, வீட்டுக்குப் பின்னால் உள்ள கம்பத்தில் அதை மாட்டிக்கொள்ள 31ஆம் தேதிக்கு முன் அனுமதி தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கையெழுத்து என்னுடையது; கோரிக்கை மரியாவுடையது. எனவே அனுமதியை எனக்கு எழுதி அனுப்புவதோடு, முடிந்தால் ஒரு காலை நேரில் வந்து அவளிடமே சொல்ல வேண்டுகிறேன். பதில் சொல்ல அவளுக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். தயவுசெய்து காத்திருங்கள்.

இடம்: கோலா கெத்தில்
நாள்: 16.10.2023

தங்கள் உண்மையுள்ள,
சூ. ஆர்தர்