சரோஜா அக்காவின் இரண்டாவது குரல்பதிவு

ஈப்போ தொடங்கி சிலிம் ரிவர் வரை உள்ள அத்தனை காதுகளையும் ஆண்ட சக்கரவர்த்தினி, என் பாசமுள்ள சரோஜா அக்காவுக்கு,

பெருந்தொற்றில் நீ போய்ச் சேர்ந்தாய். உன் குரல்தான் போக மறுக்கிறது. ஊரில் நாலு பேர் இருமினால் போதும், நம் பழைய தோட்டத்து ஆட்களின் கைப்பேசிக் குழுவில் எழுந்து வந்துவிடுகிறாய். "இஞ்சி, மிளகு, வேப்பிலை போட்டு கொதிக்க வச்சி குடிங்கலா. எந்தக் கிருமியும் ஓடிடும். ஆஸ்பத்திரி பக்கம் போவாதீங்க, அங்கதான் ஒட்டிக்கும்!" நம் ஊர் 'லா' போட்டுப் பேசிவிட்டு, கடைசியில் அந்தச் சிரிப்பு வேறு. பினாங்குப் பாலமே ஆடும் சிரிப்பு.

அந்தக் கஷாயத்தை நம்பித்தானே நீயும் மூச்சு முட்டும்வரை வீட்டிலேயே கிடந்தாய்? எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் அனுப்புகிறார்கள். உன் சாவுச் செய்திக்குக் கைகூப்பிய படம் போட்ட அதே விரல், அடுத்த நிமிடம் உன் மருந்தையும் தள்ளிவிட்டது. கடப்பிதழ் இல்லாமலே பூமியை ஏழு சுற்று வந்திருப்பாய் அக்கா.

போன மாதம் சிம்பாங் பூலாயில், என் பக்கத்து வீட்டு மாரி அண்ணனுக்குக் காய்ச்சல். மூச்சு இழுத்தது. "வாங்கண்ணே, காடிய ஓட்டிட்டு வரேன், ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றேன். அவர் மனைவி ராணி அண்ணி கைப்பேசியை என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"உங்க அக்காவே சொல்லிருக்காங்கலா, கேளுங்க தம்பி."

"அந்த அக்கா இப்ப எங்க இருக்கா அண்ணி?"

"அது அவங்க விதி. மருந்து நல்ல மருந்து."

உன்னோடு வாய்ச்சண்டை போட்டு நான் என்றைக்கு ஜெயித்திருக்கிறேன்?

மறுநாள் ஆம்புலன்ஸ் வந்தது. மாரி அண்ணன் வீடு திரும்பவில்லை.

காரியம் முடிந்து உன் மகள் தேவியிடம் இதைச் சொன்னதும் அவள் உடைந்துபோனாள். அன்றைக்குத்தான் அதை எனக்குப் போட்டுக்காட்டினாள். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து நீ அவளுக்கு அனுப்பிய குரல்பதிவு. சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்குகிறாய். "தேவி... நான் சொன்னது தப்பும்மா... மூச்சு முட்டினா உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடச் சொல்லு... குழுல போடு."

போடவில்லை. சாகக்கிடந்தவள் குரலை வீடு வீடாக அனுப்புவது அபசகுனம் என்று சொந்தக்காரப் பெரியவர்கள் தடுத்தார்களாம். தெம்பாகச் சொன்ன தப்பு உலகம் சுற்றலாம். திணறிச் சொன்ன உண்மைதான் அபசகுனம்!

"அம்மா சிரிச்சதுதான் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கணும் மாமா" என்று அழுதாள்.

"அந்தச் சிரிப்ப நம்பித்தாம்மா மாரி அண்ணன் வீட்லயே இருந்தாரு."

பிறகு அவளே அதைக் குழுவில் போட்டாள்.

குழு கொதித்தது. "வீட்ல பிள்ளைங்க இருக்கு, அத எடுத்துடுங்கலா!" என்றார் ஒருவர். சிலர் குழுவை விட்டே ஓடினார்கள். ராணி அண்ணி என்னை அழைத்தார்.

"இது இத்தன வருசமா இருந்துச்சா தம்பி?"

அவ்வளவுதான் கேட்டார். நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

இனி உன் முதல் குரல் எங்கே தலைதூக்கினாலும், அதன் காலடியில் இரண்டாவதை வைப்பேன். என்னைக் குழுவிலிருந்து தூக்கினால் வேறு எண்ணில் நுழைவேன். உலகத்து எண்கள் எல்லாம் தீர்ந்துபோனால், கோலா கங்சார் வரை நடந்தே போய், கதவு கதவாகத் தட்டிப் போட்டுக்காட்டுவேன். காதைப் பொத்திக்கொண்டாலும் விடமாட்டேன். இது சத்தியம்.

உன் பேச்சுக்கு அடங்கியே வளர்ந்த,
கடைக்குட்டித் தம்பி