நைனாவின் கோஷம்

அம்பத்தூர்,
3-11-1974

அன்பு மகள் பத்மாவுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் நைனாவும் ஏதோ இருக்கிறோம், அந்தக் குளிரில் நீ உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கப் பொன்னியம்மனைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

சித்திரையில் பக்கவாதம் வந்ததிலிருந்து நைனா இந்த மாடி ரூமைவிட்டு இறங்கவில்லை, வலது கையும் வரவில்லை, பேச்சும் வரவில்லை, அவரைத் தனியே விட முடியாமல் நானும் ஜன்னலில் கூடை இறக்கித்தான் காய் வாங்குகிறேன். லண்டன் ஆஸ்பத்திரியில் நீ படிக்கிற பாட்டு வைத்தியத்தைப் பற்றி எழுதினாயே, பேச்சு போனவர்களுக்கும் பாட்டில் வார்த்தை வரும், இடது கையைப் பிடித்துத் தாளம் தட்டிக்கொண்டே பாடு என்று, அப்படியே செய்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் உனக்குப் பாடிய தாலாட்டுதான். அதைக் கேட்டாலே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார், ஒருநாள் கஞ்சி டம்ளரையே தட்டிவிட்டார்.

போன வாரம் அவர் கம்பெனி ஆட்கள் போனஸ் கேட்டு நம் தெருவில் ஊர்வலம் வந்தார்கள். முன்னால் வந்த ஜெயராமன் நம் ஜன்னலைப் பார்த்து, "அண்ணாத்தே, நீ இல்லாம கொரலே எழும்ப மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு "கொடு கொடு" என்று எடுத்துக்கொடுத்தார். என் முதுகுக்குப் பின்னால் கட்டிலிலிருந்து "போனஸ் கொடு" என்று ஒரு குரல். நைனாதான்! இடது கை முஷ்டி மேலே நிற்கிறது. காலமெல்லாம் கம்பெனி கேட்டில் நின்று கோஷம் போட்ட மனுஷருக்குப் போய்த் தாலாட்டு பாடியிருக்கிறேன் பார். அங்கே வெள்ளைக்காரக் கிழவிக்கு சர்ச் பாட்டு, ஜமைக்கா பஸ் டிரைவருக்கு அவர் ஊர்ப் பாட்டு, ஆளுக்குத் தகுந்தபடி மாற்றுவோம் என்று நீ எழுதியிருந்தாய், எனக்குத்தான் உறைக்கவில்லை.

மறுநாளிலிருந்து நான் "கொடு கொடு" என்பேன், அவர் "தண்ணி கொடு" என்பார். தாளம் நின்றால் பேச்சும் நின்றுவிடும். நேற்று நான் ஆரம்பிக்கவில்லை, அவரே கையைத் தூக்கினார், நெற்றியெல்லாம் வேர்வை, "விடு விடு, வெளிய விடு" என்றார். அது நான் சொல்லிக்கொடுக்காதது பத்மா. கூட்டத்தில் பதில் குரல் கொடுக்கிற மாதிரி நானும் "வெளிய விடு" என்றேன். தொண்டை கட்டுகிறவரை இரண்டு பேரும் கத்தினோம். கீழ்வீட்டுத் தாட்சாயிணி பதறிக்கொண்டு மேலே ஓடிவந்து, "இன்னாக்கா ஆச்சு, யாரு உங்கள உள்ள வச்சி பூட்டினது?" என்று கேட்டாள். கதவு திறந்துதான் இருந்தது.

இப்படிப்பட்டவர்களை மாடிப்படி இறக்க அங்கே என்ன செய்கிறார்கள் என்று கேட்டு மறக்காமல் எழுது. கம்பளி இல்லாமல் டியூட்டிக்குப் போகாதே. தீர்க்காயுசாக இரு.

உன் அம்மா
கெங்கம்மாள்