அப்பா கேட்ட டபுள் பேரல்

காக்ஸ் டவுன், பெங்களூர்
ஆகஸ்ட் 19

என் அருமை ஜூலியாவுக்கு,

அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவில் இங்கே நாங்கள் இரண்டு பேரும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளை தேஜஸும் சஹானா குட்டியும் அந்த ஆக்லாந்து குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க தினமும் ஜெபிக்கிறேன். நேற்றுத்தானே போனில் பேசினோம், அம்மா எதற்குப் பேனாவைப் பிடித்திருக்கிறாள் என்று நினைப்பாய். போன் பேசும்போது அப்பா ஸ்பீக்கரைப் போடச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், வாட்ஸ்அப்பில் எழுதினால் என் போனை எடுத்து ஒவ்வொன்றாகப் படிக்கிறார். அதனால்தான் இது. மார்ச் மாசத்திலிருந்து உன்னிடம் மறைத்ததை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன், கோபப்படாமல் படி.

ஜனவரியில் தண்ணீர் மீட்டர் பார்க்க வந்தோம் என்று பட்டப்பகலில் இரண்டு பேர் வந்து என் செயினை அறுத்துக்கொண்டு போனது உனக்குத் தெரியும். அப்பாவைத் தள்ளிவிட்டார்கள் என்று மட்டும்தான் சொன்னேன். அவர் ஹாலில் மல்லாந்து விழுந்து எழுந்திருக்க முடியாமல் கிடந்ததையும், அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர்களில் ஒருவன் என் கழுத்தில் கை வைத்ததையும் சொல்லவில்லை. முப்பது வருஷம் ஸ்கூலில் பி.டி. மாஸ்டர், என்.சி.சி. ஆபீஸர், எத்தனையோ பையன்களுக்குத் துப்பாக்கி சுடச் சொல்லிக்கொடுத்த மனுஷன். போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனதோடு சரி, இன்று வரை யாரையும் பிடிக்கவில்லை. ஒரு வாரம் அப்பா என் முகத்தைப் பார்க்கவேயில்லை. அப்புறம் ஒரு நாள் காலையில் சவரம் பண்ணிக்கொண்டு சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு வந்து, கிளாடிஸ், வீட்டுக்கு ஒரு துப்பாக்கி வாங்கப் போகிறேன் என்றார். அந்த முகத்தில் திரும்ப ஒரு களை வந்ததைப் பார்த்து நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை, அது என் தப்புத்தான்.

லைசென்ஸுக்கு அப்ளிகேஷன் போட்டார், ஒரு நோட்டில் என்னென்ன துப்பாக்கி, எது எவ்வளவு நீளம், எவ்வளவு கனம் என்று எழுதி வைத்தார். என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார். லைசென்ஸ் இல்லாமல் கையில் கொடுக்க முடியாது சார் என்ற கடைக்காரர் இவருடைய என்.சி.சி. கதைகளைக் கேட்டு இளகிப்போய், மேஜை மேல் வைத்தே இரண்டு காட்டினார். பம்ப் ஆக்‌ஷனில் நாலைந்து தோட்டா போகுமாம், ஆனால் ஒவ்வொரு தரமும் முன்பிடியை இழுத்து விடவேண்டும், பதற்றத்தில் பாதி இழுத்து விட்டால் சிக்கிக்கொள்ளுமாம். இரட்டைக் குழல் டபுள் பேரலில் இரண்டே தோட்டாதான், ஆனால் மடக்கிப் பார்த்தால் உள்ளே தோட்டா இருக்கிறதா இல்லையா என்று கண்ணுக்கே தெரியும், உங்கள் வயசுக்கு அதுதான் சார் சரி என்றார். அப்பா மாணவன் மாதிரி தலையை ஆட்டி எழுதிக்கொண்டார், டபுள் பேரல்தான் என்று முடிவாயிற்று. திரும்பி வரும்போது ஆட்டோவில் என் பக்கம் திரும்பி, கடை எத்தனை மணிக்குத் திறப்பான், நேரமாகிவிடப் போகிறது என்றார். கடைக்குப் போய்விட்டுத்தானே வருகிறோம் என்று அவர் நோட்டையே திறந்து காட்டினேன்.

அதன் பிறகுதான், மார்ச்சில், டாக்டர் பார்கவியிடம் கூட்டிக்கொண்டு போனேன். ஸ்கேன் எல்லாம் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இது வயசு மறதி இல்லை அம்மா, நோய், மாத்திரை கொஞ்சம் மெதுவாக்கும், நிறுத்தாது என்றார். லைசென்ஸுக்கு மெடிக்கல் சர்டிஃபிகேட் அவர் தரவில்லை. அப்பா எனக்குத் தெரியாமல் வேறு எங்கேயோ போய், பி.பி. மட்டும் பார்த்து எழுதிக்கொடுத்த ஒன்றை வாங்கிவந்துவிட்டார்.

மே மாசம் ஒட்டடைக் குச்சியைத் துப்பாக்கி நீளத்துக்கு வெட்டி வைத்துக்கொண்டு பழக ஆரம்பித்தார். பெட்ரூமிலிருந்து ஹாலுக்குத் திரும்பும் இடம் குறுகல் இல்லையா, அங்கே குழல் சுவரில் இடிக்குமா என்று பார்க்கவேண்டுமாம். என்னைத் திருடன் மாதிரி ஹால் கதவருகே நிற்கச் சொல்வார், நானும் கரண்டியைக் கையில் பிடித்தபடி போய் நிற்பேன், சிரிப்பாய்க்கூட இருக்கும். ஒரு நாள் குச்சியைத் தோளில் வைத்துத் திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார். யாரு நீனு, ஒளகெ ஹேக பந்தெ என்று கத்தினார், நான் யார், எப்படி உள்ளே வந்தேன் என்று என்னையே கேட்கிறார். கல்யாணமாகி நாற்பத்து மூன்று வருஷத்தில் அப்பா என்னிடம் கன்னடத்தில் ஒரு வார்த்தை பேசினதில்லை ஜூலி. வெளியாளிடம்தான் பேசுவார். நான்தாங்க, கிளாடிஸ் என்று சொல்லச் சொல்ல அந்தக் கண் என்னைத் தெரிந்துகொள்ளவேயில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அப்புறம் குச்சியைக் கீழே இறக்கி, காபி போட்டாயா என்றார்.

அடுத்த வாரம் லைசென்ஸுக்காக போலீஸ் ஸ்டேஷனிலிருந்து விசாரிக்க ஆள் வந்தார். அப்பா கணீரென்று எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார், அவரும் சல்யூட் அடிக்காத குறையாகக் கிளம்பினார். நான் பால் வாங்கப் போகிறேன் என்று சொல்லி பின்னாலேயே ஓடி, சர்ச் முனையில் அவரை நிறுத்தி, என் வீட்டுக்காரருக்கு இந்த லைசென்ஸைக் கொடுக்காதீர்கள் என்று சொன்னேன். சும்மா சொன்னால் போதாது, எழுதிக் கொடுங்கள் அம்மா என்றார். டாக்டர் சீட்டின் காப்பியோடு ஸ்டேஷனுக்கே போய் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஜூலையில் நிராகரித்துக் கடிதம் வந்தது, மனைவி கொடுத்த வாக்குமூலத்தின் பேரில் என்று அதிலேயே அச்சடித்திருந்தது. அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார். நீயுமா என்னைப் பைத்தியம் என்கிறாய் என்று மட்டும் கேட்டார். மறுநாள் எல்லாம் மறந்துபோயிற்று, தப்பித்தேன் என்று நினைத்தேன். நாலாம் நாள் ஃபைலைத் திறந்து அதே கடிதத்தைப் புதிதாகப் படித்தார், அதே கேள்வியைக் கேட்டார். மூன்றாவது தரமும் ஆனபிறகு அதை அடுப்பில் போட்டுவிட்டேன். இப்போது லைசென்ஸ் இன்னும் வரவில்லை என்று தினமும் போஸ்ட்மேனுக்காகக் கேட்டில் நிற்கிறார், வெயில் மழை பார்ப்பதில்லை. அவர் அதைப் படித்து உடைவது மேலா, இப்படி நிற்பது மேலா என்று எனக்குத் தெரியவில்லை.

துப்பாக்கிதான் இல்லை, இரும்புக் கம்பி ஒன்றைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். மாடியில் குடியிருக்கும் சுஹாஸ் போன ஞாயிற்றுக்கிழமை வாடகை கொடுக்க உள்ளே வந்தபோது அப்பா அதை அவர் மேல் ஓங்கிவிட்டார், தோளில் பட்டு வீங்கிவிட்டது. பரவாயில்லை ஆன்ட்டி, அங்கிளுக்கு உடம்பு சரியில்லை, தெரியும் என்றார், நல்ல பிள்ளை. ஆனால் மாசக் கடைசியில் காலி பண்ணுகிறார், பேயிங் கெஸ்டாகத் தங்க வேறு இடம் பார்த்துவிட்டாராம். நான் எப்படி இருங்கள் என்று சொல்வது. கம்பியை நான் ஒளித்து வைத்தால் வேறு ஒன்றைத் தேடி எடுக்கிறார். நான் செய்தது சரி என்று அன்றைக்குத் தெரிந்தது, ஆனால் சரியாகச் செய்ததால் ஒன்றும் நன்றாகிவிடவில்லை. வெளியே சத்தம் கேட்டாலும் எனக்குப் பயம், அவர் எழுந்து நடந்தாலும் பயம். டாக்டரும் தேறும் என்று சொல்லவில்லை, உனக்கு மட்டும் நான் எப்படிச் சொல்வேன்.

கிறிஸ்துமஸுக்கு வருவதாக டிக்கெட் பார்க்கிறீர்கள், அப்பாவும் நாள் கணக்குப் பண்ணுகிறார், தேதி மட்டும் மாறிமாறிச் சொல்கிறார். சஹானாவைக் கூட்டிவர வேண்டாம், பிள்ளை ஓடி விளையாடும் வயசு, ஒரு கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் என்ன ஆகும். மனசைக் கல்லாக்கிக்கொண்டுதான் எழுதுகிறேன். நீ மட்டும் வா, அவருக்கு உன்னைத் தெரியும்போதே வா. மாப்பிள்ளையிடம் நிதானமாகச் சொல். வேளாவேளைக்குச் சாப்பிடு, தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு படுக்காதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, குழந்தைக்கு என் முத்தம்.

ஒன்று மட்டும் மறக்காதே. உன்னிடம் இருக்கும் சாவியைப் போட்டு நீயாகக் கதவைத் திறந்து உள்ளே வராதே. கேட்டுக்கு வெளியே நின்று எனக்கு போன் பண்ணு, நான் முதலில் அவரை உட்கார வைத்துவிட்டு வந்து உன்னை அழைத்துப் போகிறேன்.

உன் அம்மா,
கிளாடிஸ்